அலைவதும் தப்பி ஓடுவதும்: ரஷ்ய மொழிபெயர்ப்பில் கால் இடறும் இடங்கள்

தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு வந்து நிற்கும் ரஷ்யப் பயணியிடம் "இங்கே கரையோரமாகக் கொஞ்ச நேரம் உலாவலாம்" என்று சொல்ல வேண்டும். மனதில் முதலில் வருவது 'வாண்டர்' என்ற ஆங்கிலச் சொல். கைப்பேசி அகராதியில் அதைத் தட்டினால் ஏழெட்டு ரஷ்ய வினைகள் வரிசை கட்டி நிற்கும். அவற்றில் 'ஸ்கித்தாத்ஸா' என்பதை எடுத்தால், "வீடு வாசல் இழந்து இங்கே கொஞ்சம் அல்லாடலாம்" என்று அவர் காதில் விழும். 'ப்லுஷ்தாத்' என்றால் வழி தெரியாமல் தடுமாற அழைத்ததாக ஆகும். 'ஷ்ல்யாத்ஸா' என்றால் வசைச்சொல். வேண்டிய வினை 'பப்ரதீத்'. "மோஷ்ன பப்ரதீத் போ பேரிகு", அதாவது கரையோரம் கொஞ்சம் உலாவலாம்.

தவறுகளில் பாதி, ஆங்கிலச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு நேர் ரஷ்யச் சொல் தேடுவதால் வருபவை. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்குவதை ரஷ்யன் ஏழாகப் பிரிக்கிறது. தமிழும் அப்படித்தான். அலைதல், திரிதல், உலாவுதல், ஊர் சுற்றுதல், அல்லாடுதல், வழிதவறுதல் ஆகியவற்றை நாம் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆகவே ஆங்கில வாக்கியம் வந்ததும் முதலில் அதை நம் மண்டபம் ஊர்ப் பேச்சுத் தமிழில் சொல்லிப் பாருங்கள், பிறகு ரஷ்யனுக்குப் போங்கள். இந்த வழி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. கைவிடும் இடத்தையும் கீழே சொல்கிறோம்.

ரஷ்யச் சொற்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம். அழுத்தம் விழாத 'ஓ' ரஷ்யனில் 'அ' போலவும், அழுத்தம் விழாத 'எ' ஏறக்குறைய 'இ' போலவும் ஒலிக்கும். போ, ஓத், இஸ் போன்ற முன்னிடைச்சொற்களை மட்டும் எழுத்துப்படியே விட்டிருக்கிறோம்.

உலாவுவது வேறு, அல்லாடுவது வேறு

'ப்ரதீத்' பொதுவான வினை. நடையாக, திசை குறிக்காமல், அவசரமின்றித் திரிவது. 'ப' முன்னொட்டு சேர்ந்து 'பப்ரதீத்' ஆனால் "கொஞ்ச நேரம்" என்ற பொருள் தானாக வந்துவிடும். தனியாக அதைச் சொல்ல வேண்டியதில்லை. இதன் இணை 'ப்ரிஸ்தீ'. ஒரே திசையில், களைத்து, காலை இழுத்து இழுத்து நடப்பது. அரிச்சல்முனைக்குச் சாலை 2017இல் திறந்தது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் கால் புதையப் புதைய நடந்தவரைச் சொல்ல 'ப்ரியோல் போ பிஸ்கூ' என்பதே சரி. ஆங்கில மூலத்தில் அங்கும் 'வாண்டர்' என்றே இருக்கக்கூடும். அவருக்கு ஒரு இலக்கு இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் ப்ரிஸ்தீ, இல்லாவிட்டால் ப்ரதீத்.

இந்த வேரின் பழைய பொருள் தண்ணீரில் கால் வைத்து நடப்பது. ஆற்றில் இறங்கிக் கடக்கும் ஆழமற்ற இடம் 'ப்ரோத்'. இரண்டு பேர் தண்ணீரில் நடந்தபடி இழுக்கும் சிறு வலை 'ப்ரேதென்'. நம் கரைவலையை 'ப்ரேதென்' என்று எழுதுபவர்கள் உண்டு. அது தவறு. கரைவலை பெரியது, கரையில் நின்று கயிற்றால் இழுப்பது, அதற்கு 'நேவத்' பொருந்தும்.

ப்ரதீத் வினைக்கு இன்னொரு பொருளும் உண்டு: புளித்துப் பொங்குவது. பதநீர் கள்ளாக மாறுவதைச் சொல்லும் 'ஸோக் ப்ரோதித்' என்ற வாக்கியத்தைச் "சாறு அலைகிறது" என்று தமிழாக்கினால் சிரிப்புதான். எழுவாய் உயிருள்ளதா, பானையில் இருப்பதா என்று பார்த்தால் போதும்.

'ஸ்கித்தாத்ஸா' என்பதில் துயரம் இருக்கிறது. வீடு இல்லை, நாடு இல்லை, ஆண்டுக்கணக்கில் இடம் மாறி இடம். சுற்றுலாத் துண்டறிக்கையில் இது தலைகாட்டவே கூடாது. 'ஸ்த்ரான்ஸ்த்வவத்' உயர்நடைச் சொல். தொலைதூரம், நெடுங்காலம், பெரும்பாலும் ஏதோ ஒரு தேடலோடு செல்வது. அப்படிச் செல்பவர் 'ஸ்த்ரான்னிக்'. நாடு என்று பொருள்படும் 'ஸ்த்ரனா' என்ற சொல்லுக்கு உறவு இது. 'விசித்திரமான' என்ற பொருள்தரும் 'ஸ்த்ரான்னிய்' என்பதும் அதே குடும்பம்தான், வெளியூர்க்காரன் எப்போதும் விசித்திரமானவன் அல்லவா! நம் 'பரதேசி' என்ற சொல்லும் வேற்றுநாட்டான் என்று தொடங்கி, யாத்திரைத் துறவியாகி, கடைசியில் திட்டாக முடிந்தது. ஸ்த்ரான்னிக் அந்த அளவுக்கு இறங்கவில்லை, மரியாதை இன்னும் ஒட்டியிருக்கிறது. எனவே இன்றைய பேச்சு வழக்கின் 'பரதேசி'க்கு அதைப் போடாதீர்கள்.

ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்ரீகருக்கு ஸ்த்ரான்னிக் வேண்டாம். 'பலோம்னிக்' என்பதே நேர்ச்சொல். புனித பூமியிலிருந்து பனைவகை மரத்தின் ஓலையோடு திரும்பியவர்களைக் குறித்துப் பிறந்த சொல் அது, பனங்காட்டு ஊருக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு வருபவருக்கும் இதே சொல் செல்லும். கோயிலுக்குள் 22 தீர்த்தங்களையும் ஒவ்வொன்றாக ஆடி வருவதை ஆங்கிலக் கையேடு 'வாண்டர்' என்று எழுதினாலும் ரஷ்யனில் 'அபய்தீ' என்று எழுத வேண்டும். எதையும் விடாமல் சுற்றி வருதல் என்பது அதன் பொருள். "அபய்தீ 22 கலோத்த்ஸ". எண் இரண்டில் முடிவதால் 'கிணறு' ஒருமை ஆறாம் வேற்றுமையில் நிற்கும். பன்மை போடுவது பரவலான பிழை.

மற்றவை சுருக்கமாக. 'ஸ்லன்யாத்ஸா' என்பது வேலையில்லாமல் சுற்றுவது. 'ஷத்தாத்ஸா' என்பதும் அதுவே, ஆனால் கொச்சை. பல் ஆடுவதற்கும் நாற்காலி ஆடுவதற்கும் அதே வினை. 'ஷ்ல்யாத்ஸா' இன்னும் கீழ். "எங்கடா சுத்திட்டு வர்ற இவ்வளவு நேரமா?" என்று அம்மா கேட்பதற்குச் சரியாக இருக்கும், வேறு யாரும் யாரிடமும் சொல்லாமலிருப்பது நல்லது. 'ப்லுஷ்தாத்' வழி அறியாமல் சுற்றுவது. கண்ணும் எண்ணமும் அலைபாய்வதற்கும் அதுவே. மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: வேகஸ் நரம்புக்கு ரஷ்யப் பெயர் 'ப்லுஷ்தாயுஷ்ஷிய் நேர்வ்', அலையும் நரம்பு.

'நாடோடி' என்றவுடன் 'கச்சேவ்னிக்' போடுவதும் எச்சரிக்கையோடு செய்ய வேண்டிய வேலை. அந்தச் சொல் ரஷ்ய வாசகர் மனதில் புல்வெளியையும் குதிரையையும் கூடாரத்தையும் கொண்டுவரும். கிடை போட்டு ஊர் ஊராக ஆடு ஓட்டிச் செல்லும் கீதாரி குடும்பத்தோடு போனால் அது ஓரளவு பொருந்தும். ஊரில் வீடு இருக்க, பருவத்துக்கு மட்டும் மந்தையோடு போகிறவர் என்றால் மேய்ச்சலுக்காக ஆடுகளை இடம் மாற்றி ஓட்டும் மேய்ப்பர் என்று விரித்து எழுதுவதே நேர்மை. மேய்ப்பருக்குச் சொல் 'பஸ்தூஹ்'. அவரது ஆடுகள் நாலாபக்கமும் சிதறி மேயப் போய்விட்டால் 'ரஸ்ப்ரிலீஸ்'. நாயைக் கண்டு மிரண்டு சிதறினால் 'ரஸ்பிஷாலிஸ்'. முன்னொட்டு ஒன்றுதான், வேகம் வினையில் இருக்கிறது.

ஓவியம் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு பொறி. 'தி வாண்டரர்ஸ்' என்று ஆங்கிலத்தில் ரஷ்ய ஓவியர் குழு ஒன்றைச் சொல்வார்கள். அதை மீண்டும் ரஷ்யனுக்குக் கொண்டுபோகும்போது ஸ்த்ரான்னிகி ஆக்கிவிடாதீர்கள். 1870இல் தொடங்கிய அந்தக் குழுவினர் 'பெரித்வீஷ்னிகி'. ஊர் ஊராக எடுத்துச் சென்றது அவர்களது கண்காட்சியைத்தான்.

படகு வழி தவறுவதில்லை

இந்தக் கரையில் அதிகம் மொழிபெயர்க்க நேர்வது மீனவர் செய்தி. ஆங்கில நாளிதழ்கள் 'ஸ்ட்ரே', 'டிரிஃப்ட்' இரண்டையும் மாற்றி மாற்றி எழுதும். முதலாவதை 'ஸப்லுதீலிஸ்' என்று பெயர்த்தால், காட்டில் தொலைந்த பிள்ளைகள் போல, கடல் தெரியாதவர்கள் போல மீனவர்கள் ஆகிவிடுவார்கள். திசை பிசகியதுதான் விஷயம் என்றால் 'ஸ்பீலிஸ் ஸ் கூர்ஸ', அதாவது போக்கிலிருந்து விலகினார்கள்.

ஆனால் பெரும்பாலும் நடப்பது அது அல்ல. எஞ்சின் நின்றுவிடும், படகை நீவாடு இழுத்துக்கொண்டு போய்விடும். இந்தத் தமிழ் வாக்கியத்தைக் கவனியுங்கள். படகு செயப்படுபொருள், இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது. ரஷ்யனும் அதையே செய்கிறது, இன்னும் ஒரு படி மேலே போய் எழுவாயையே எடுத்துவிடுகிறது: "லோத்கு அத்னிஸ்லோ திச்சேனியெம் ஸ மர்ஸ்குயு க்ரனீத்ஸு." படகை, இழுத்தது, நீரோட்டத்தால், கடல் எல்லைக்கு அப்பால். 'லோத்க' இரண்டாம் வேற்றுமையில் 'லோத்கு', நீரோட்டம் கருவிப்பொருளில் 'திச்சேனியெம்', வினை அஃறிணை ஒருமை இறந்தகாலத்தில் 'அத்னிஸ்லோ'. யாரும் இழுக்கவில்லை, அது நடந்தது. ஆங்கிலத்தில் படகு எழுவாயாக நிற்பதால் பலரும் 'லோத்க' என்று முதல் வேற்றுமையில் தொடங்கி 'த்ரிய்ஃபவால' என்று முடிக்கிறார்கள். இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் த்ரிய்ஃபவாத் என்பது மிதந்துகொண்டிருந்த நிலையைச் சொல்லும், எங்கிருந்து எங்கே போனது என்பதைச் சொல்லாது. விசாரணைக் கடிதத்தில் அந்த 'எங்கே' முக்கியம்.

காரணத்தையும் சேர்க்க வேண்டுமென்றால் முன்னால் 'இஸ்-ஸ பலோம்கி த்வீகதெல்யா' என்று போடுங்கள், எஞ்சின் பழுதினால் என்று பொருள். 'இஸ்-ஸ' கெட்ட காரணத்துக்கும், 'ப்லகதர்யா' நல்ல காரணத்துக்கும் உரியவை. இரண்டாவதைப் போட்டால் எஞ்சின் பழுதின் புண்ணியத்தால் என்று ஆகும்.

பாக் நீரிணையில் எல்லை 1974 ஒப்பந்தத்தாலும் மன்னார் வளைகுடாவில் 1976 ஒப்பந்தத்தாலும் வரையப்பட்டது. அதைத் தாண்டியதைச் சொல்ல மூன்று தரம் உண்டு. 'அத்னிஸ்லோ' என்றால் மீனவர் கையில் இல்லாதது. 'ஸஷ்லீ வ் வோதி' என்றால் நீர்ப்பரப்புக்குள் சென்றார்கள், நடுநிலை. 'நரூஷிலி க்ரனீத்ஸு' என்றால் எல்லையை மீறினார்கள், குற்றச்சாட்டு. மூலத்தில் இல்லாத குற்றத்தை மொழிபெயர்ப்பாளர் சேர்க்கக் கூடாது. மூலத்தில் இருப்பதை மழுப்பவும் கூடாது. கூடவே ஒன்று: ரஷ்ய வரைபடத்தில் இந்த நீரிணையின் பெயர் 'போல்க்ஸ்கிய் ப்ரலீஃப்'. பாக் என்று தேடினால் கிடைக்காது.

'ஸ்ட்ரே' வேறு இடங்களில் வேறு முகம் காட்டும். தெருநாய் 'ப்ரத்யாச்சயா ஸபாக' அல்லது 'பிஸ்தோம்னயா ஸபாக'. எங்கிருந்தோ வந்து பாயும் குண்டு 'ஷல்னாயா பூல்யா'. அங்கே அலைதல் வேரே கிடையாது, வெறிபிடித்த குண்டு என்பதே நேர்ப்பொருள்.

தப்பி ஓடுதல்: எதிலிருந்து, எங்கிருந்து

'ஃப்ளீ' என்பதற்கு ரஷ்யனின் முதன்மை வினை 'பிஷாத்'. ஓடுவதற்கும் அதுவே. 'உபிஷாத்' என்று முன்னொட்டோடு எழுதினால்தான் 'ஓடிப்போய்விட்டான்' என்று முடிவு வரும் என நினைத்து எல்லா இடத்திலும் அதைப் போடுகிறார்கள். நாட்டை விட்டு, சிறையை விட்டு, போரை விட்டுத் தப்பும் பொருளில் பிஷாத் முற்றுவினையாகவும் (முடிந்த செயல்) முற்றாவினையாகவும் (முடியாத செயல்) தனியே நிற்கும். 'ஒன் பிஷால் இஸ் ஸ்த்ரனீ' என்பது நாட்டை விட்டுத் தப்பினார் என்று முழுமையாக முடிந்த செய்தி. 'உபிஷால் இஸ் ஸ்த்ரனீ' என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து மதில் ஏறிக் குதித்த பையனின் சாயல் வந்துவிடும். படகில் வந்தவர்களுக்கு உபிஷாலி போட்டால் இன்னும் மோசம், படகின் மேல் ஓடியது போல் இருக்கும். 'பிஷாலி ந லோத்கஹ்' என்பதில் அந்தச் சிக்கல் இல்லை.

அதிகம் பிழை விழுவது முன்னிடைச்சொல்லில். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே 'ஃப்ரம்' போதும், அல்லது அதுவும் வேண்டாம். ரஷ்யனில் மூன்று உண்டு, மூன்றுக்கும் பின்னால் வருவது ஆறாம் வேற்றுமை. எந்த ஆபத்திலிருந்து என்பதற்கு 'ஓத்': ஓத் வய்னீ, போரிலிருந்து. எந்த இடத்துக்குள்ளிருந்து என்பதற்கு 'இஸ்': இஸ் ஜாஃப்னி, யாழ்ப்பாணத்திலிருந்து. எந்தப் பரப்பின் மேலிருந்து என்பதற்கு 'ஸ்'. தீவுகள் இந்த மூன்றாவதில் சேரும். பாம்பன் தீவிலிருந்து என்பது 'ஸ் ஓஸ்த்ரவ பாம்பன்'. 'தீவு' என்ற சொல் முன்னால் வந்துவிட்டதால் பாம்பன் வேற்றுமை ஏற்காது.

இங்கிருப்பவர்கள் தடுமாறுவது இலங்கையில். அரசாக நினைத்தால் உள்ளே 'வ்', வெளியே 'இஸ்'. தீவாக நினைத்தால் மேலே 'ந', அங்கிருந்து 'ஸோ' ('ஸ்' என்பதன் இன்னொரு வடிவம்). 'இஸ் ஷ்ரீ-லான்கி', 'ஸோ ஷ்ரீ-லான்கி' இரண்டுமே எழுத்தில் காணப்படுகின்றன. அதிகாரபூர்வக் கடிதத்துக்கு முதலாவது பொருத்தம். எதை எடுத்தாலும் ஜோடியை உடைக்காதீர்கள். ஒரு பத்தியில் 'ந' என்று எழுதிவிட்டு அடுத்ததில் 'இஸ்' என்று எழுதினால் இரண்டு பேர் மொழிபெயர்த்தது போல் இருக்கும். ராமேஸ்வரமும் அப்படித்தான், ஊர் என்றால் 'வ்', தீவு என்றால் 'ந'. ராமேஸ்வரம், மண்டபம் போல மெய்யில் முடிபவை ஆண்பால் போல வேற்றுமை ஏற்கும். தனுஷ்கோடி, உச்சிப்புளி போல 'இ'யில் முடிபவை அசையாமல் நிற்கும்.

மூன்று இடத்தையும் நிரப்பிய முழு வாக்கியம்: "தீஸ்யச்சி ல்யுதேய் பிஷாலி ஓத் வய்னீ இஸ் ஜாஃப்னி வ் இன்தியு." ஆயிரக்கணக்கானோர் போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியாவுக்கு வந்தனர். 1983க்குப் பிந்தைய செய்திகளை மொழிபெயர்க்க இந்தச் சட்டகம் போதும். 2022இல் தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள் பொருளாதார நெருக்கடியால் வந்தவர்கள். அங்கே 'ஓத் வய்னீ' பழக்கதோஷத்தில் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

'எஸ்கேப்' என்ற சொல்லில் நாம் மேலே சொன்ன தமிழ் வழி கைவிடும். 'தப்பித்தான்' என்பது தமிழிலும் மூன்று பொருள் தரும். சிறையிலிருந்து தப்பித்தான்: 'பிஷால்' அல்லது 'ஸ்பிஷால்'. 1964 டிசம்பர் 22-23 இரவுப் புயலில் உயிர் தப்பினான்: 'ஸ்பாஸ்ஸ்யா'. தண்டனையிலிருந்து தப்பினான், அது அவன்மேல் விழவே இல்லை: 'இஸ்பிஷால்'. இந்த மூன்றாவதுக்கு முன்னிடைச்சொல் கிடையாது, நேராக ஆறாம் வேற்றுமை: 'இஸ்பிஷால் ஸ்மேர்தி', சாவைத் தவிர்த்தான். 'இஸ்பிஷால் இஸ் த்யுர்மீ' என்ற வாக்கியம் ரஷ்யனில் இல்லை. ஆனாலும் மாணவர் தாள்களில் தவறாமல் வரும், 'இஸ்' என்ற ஒலி இரண்டு முறை வருவதால் சரிபோலத் தோன்றுகிறது.

காதலித்து 'ஓடிப்போனவர்கள்' இருவருக்கு 'ஸ்பிஷாலி' சரியாகப் பொருந்தும். அவர்களை மணமுடித்து வைக்கும்போது 'அப்விஞ்சாலிஸ்' என்று எழுதாதீர்கள், அது தேவாலயத் திருமணம். பதிவு அலுவலகமோ கோயிலோ என்றால் 'பஷினீலிஸ்'.

காவல்துறை ஆங்கிலத்தின் 'அப்ஸ்காண்ட்' ஓட்டமே அல்ல, தலைமறைவு. சம்பவ இடத்திலிருந்து நழுவியது 'ஸ்க்ரீல்ஸ்யா'. இன்னும் பிடிபடவில்லை என்றால் 'ஸ்க்ரிவாயெத்ஸா'. தேடப்படும் பட்டியலில் இருந்தால் 'வ் ரோஸிஸ்கெ'.

இயந்திர மொழிபெயர்ப்பை நம்புகிறவர்கள் 'ஃப்ளைட்' என்ற சொல்லை மட்டும் கையால் சரிபார்க்க வேண்டும். பறத்தல் 'பல்யோத்', மதுரை விமான நிலையத்தில் அறிவிக்கும் சேவை 'ரேய்ஸ்', தப்பியோட்டம் 'பேக்ஸ்த்வ'. அகதிகளின் வருகையைப் பற்றிய பத்தியில் 'ரேய்ஸ்' புகுந்தால் அவர்கள் பயணச்சீட்டு வாங்கி வந்ததாக ஆகிவிடும். சிறையுடைப்பு 'பபேக்', அதே சொல் செடியின் இளந்தளிருக்கும் உண்டு. தனுஷ்கோடிக் கழிமுகத்துக்கு வரும் பூநாரைகள் 'பெரில்யோத்னியெ ப்தீத்ஸி', வலசைப் பறவைகள். அவற்றை 'மிக்ரான்தி' என்று எழுதினால் வேலை தேடி வந்தவை ஆகும்.

ஆளைக் குறிக்கும் சொல்லில் தவறக் கூடாது

அகதி 'பேஷெனெத்ஸ்', பெண் என்றால் 'பேஷென்க'. தப்பியோடியவன் 'பிக்லேத்ஸ்'. இரண்டும் ஒரே வேர். ஆனால் பின்னதில் குற்றவாளியின் நிழல் விழும். முகாமில் இருப்பவர்களை அப்படி எழுதுவது மன்னிக்கக்கூடிய எழுத்துப்பிழை அல்ல. 1951 அகதிகள் உடன்படிக்கையின் ரஷ்ய வடிவத்தில் இருப்பது பேஷெனெத்ஸ்தான். இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆகவே 'அகதி அந்தஸ்து' என்ற சட்டத்தொடரை இங்கிருப்பவர்களுக்கு அப்படியே ஒட்டவைக்கும் முன் மூலத்தில் அது உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு அரசு 2021இல் முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அதிகாரபூர்வப் பெயரை மொழிபெயர்க்கும்போது பழைய 'அகதிகள் முகாம்' உள்ளே வரக் கூடாது.

1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத்திலிருந்து கப்பலேறி, கையில் தாளோடு வந்தவர்கள் அகதிகளே அல்லர். தாயகம் திரும்பியோர், 'ரிபத்ரியான்தி'. இரண்டு கூட்டத்தையும் 'பேஷென்த்ஸி' என்று ஒரே பையில் போடுவது வரலாற்றுப் பிழை. நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தோர் இன்னொரு வகை. ஐ.நா. ஆவணங்களின் ரஷ்யனில் 'வ்னூத்ரென்னெ பெரிமிஷ்ஷோன்னியெ லீத்ஸ'. புகலிடம் 'உபேஷிஷ்ஷெ', அதற்குள்ளும் ஓட்டத்தின் வேர்தான்.

'எக்ஸைல்' இரண்டாகப் பிரியும். அரசு ஓரிடத்தைக் குறித்து அங்கே கொண்டுபோய் வைத்தால் 'ஸ்ஸீல்க'. நாட்டைவிட்டு விரட்டப்பட்ட நிலை என்றால் 'இஸ்க்னானியெ'. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரை வேலூரில் வைத்தது முதல்வகை. இன்றைய ரஷ்யனில் ஸ்ஸீல்க என்றால் இணையச் சுட்டி என்றும் பொருள். தானியங்கிக் கருவிகள் மன்னரைச் சுட்டிக்கு அனுப்பிவிடும்.

கடைசியாக உருவமும் அழுத்தமும். பிஷாத் ஒழுங்கற்ற வினை: பிகு, பிஷீஷ், பிஷீத், பிஷீம், பிஷீத்யெ, பிகூத். தன்மை ஒருமையிலும் படர்க்கைப் பன்மையிலும் மட்டும் 'க', நடுவில் உள்ளவற்றில் 'ஷ'. 'அவர்கள் ஓடுகிறார்கள்' என்பதற்குப் 'பிஷாத்' என்று எழுதுவது முதல் ஆண்டு மாணவரின் முத்திரைப் பிழை. இன்னொன்று காதில் மட்டும் தெரியும். எழுத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வினைகள்: முதல் அசையில் அழுத்தினால் 'ஸ்பேகத்', ஓடிப் போய்த் திரும்பி வருவது, கடைசி அசையில் அழுத்தினால் 'ஸ்பிகாத்', தப்பி ஓடுவது. "ஸ்பேகய் வ் மகஸீன்" என்றால் "கடைக்கு ஓடிட்டு வாடா". அழுத்தம் மாறி "ஸ்பிகாய்" ஆனால், பையன் திரும்பி வர வேண்டியதில்லை.